அயல்நாட்டு வல்லுநர் : தேவையும் வசதியும்



தமிழ் கற்பிக்கும் ஒருத்திக்குக் கணிப்பொறித் தொழிலில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். நான் ஆராய வந்தது 'தட்டுப்பாடு' என்னும் ஒரு சொல்லைத்தான். சொல்லாராய்ச்சி என் தொழிலன்றோ!

அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்கள் வல்லுநர் தட்டுப்பாடு என்று நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றன. 1990ஆம் ஆண்டுச் சட்டம் எச்-1பி விசாவைத் தோற்றுவித்து, ஆண்டுக்கு 65,000 என வரம்பிட்டது. 2001 முதல் 2003 வரையிலான நிதியாண்டுகளில் அவ்வரம்பு 1,95,000 ஆக உயர்ந்து, பின்னர்ப் பழைய அளவுக்கே திரும்பிற்று. அங்கே முதுநிலைப் பட்டம் பெற்றோர்க்கு மட்டும் 20,000 இடங்கள் கூடின. 2023இல் இவற்றுக்குக் குவிந்த பதிவுகள் 7,80,000க்கும் மேல். ஒருவர் பெயரிலேயே பல பதிவுகள் இருந்தன என்பது வேறு கதை.

அரிய பொருளின் விலை ஏறும் என்பதைக் காய்கறிச் சந்தைக்குச் செல்லும் எவரும் அறிவர். இங்கோ நிலைமை வேறு. இவ்விசாவுக்குரிய ஊதியப்படிகள் நான்கு. கீழ் இரண்டும் அத்தொழிலுக்கு அவ்வட்டாரத்தில் உள்ள இடைநிலை ஊதியத்தினும் குறைந்தவை. 2019ஆம் நிதியாண்டில் சான்றளிக்கப்பட்ட பணியிடங்களில் நூற்றுக்கு அறுபது அவ்விரு படிகளிலேயே அமைந்தன. இளைஞர்க்கு ஊதியம் குறைவது இயல்பே. ஆயினும் 'அரிய திறன்' என்று வாதாடி அழைத்துவந்து அடிப்படியில் அமர்த்துவது எங்ஙனம் பொருந்தும்? புளோரிடாவில் டிஸ்னி நிறுவனத்தின் கணிப்பொறிப் பிரிவினர் ஏறத்தாழ 250 பேர் வேலையிழந்த செய்தி 2015இல் வெளிவந்தது. அவர்களுட் சிலர் தம் இடத்துக்கு வந்த இந்தியர்க்குத் தாமே வேலையைக் கற்பித்துவிட்டு வெளியேறினர். கற்பிக்க உள்ளூரில் ஆளிருக்கையில் தட்டுப்பாடு எங்கே?

எல்லா நிறுவனங்களையும் ஒரே தட்டில் நிறுப்பது நேர்மையாகாது. சில்லு வடிவமைப்பு, செயற்கை நுண்ணறிவு போன்ற துறைகளில் அரிய அறிவுடையோரைத் தேடுவது மெய்யான தேவையே. ஆனால் பெரும்பாலோர் திறத்தில் நிறுவனங்கள் விரும்புவது, எளிதில் விலக இயலாத ஊழியரை என்றே கருதுகிறேன். வேலை போனால் 60 நாளுக்குள் வேறு நிறுவனம் தேட வேண்டும். நிரந்தரக் குடியேற்ற அட்டைக்கோ, ஒரு நாட்டினர்க்குப் பொதுவாக 7 விழுக்காடே எல்லை. ஆதலின் இந்தியர் பல்லாண்டு காத்துக் கிடக்கின்றனர். காத்திருப்பவர் ஊதிய உயர்வு கேட்டு வாதாடுவாரா? 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அது வாயிலைக் குறுக்கிற்றேயன்றி, உள்ளிருப்போர் கட்டைத் தளர்த்தவில்லை.

பிள்ளையை அங்கே படிக்க அனுப்புவதற்காகக் கடன்பட்ட பெற்றோர் இவ்வவையிலும் இருக்கலாம். எந்த ஊதியப்படி, நிரந்தரக் குடியேற்றத்துக்கு நிறுவனம் எப்போது விண்ணப்பிக்கும் என்னும் இரு வினாக்களையும் கையொப்பமிடும் முன்னரே கேட்குமாறு உங்கள் மக்களிடம் சொல்லுங்கள்.