கட்டடத்திற்கு ஒரு பொதுமொழி

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய மேடையில் கட்டடப் பொறியாளனுக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆயினும், சொந்த வீடு கட்ட வேண்டும் என்ற ஆசை இல்லாத குடும்பம் நம் காலனியில் உண்டோ? அந்த ஆசையோடு தொடர்புடைய செய்தி ஒன்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

தம்பானூரில் சுருள் வடிவில் எழுந்து நிற்கும் இந்தியன் காபி ஹவுஸை நாம் அனைவரும் அறிவோம். அதைப் படைத்தவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து 2007இல் இத்திருவனந்தபுரத்திலேயே மறைந்த அப்பெரியார், தம் கையாலேயே படம் வரைந்து, கொத்தனார்களோடு உடன்நின்று கட்டினார். எண்ணியவரும் கட்டியவரும் அருகருகே இருந்தமையால், எண்ணம் இடைவழியில் தொலையவில்லை.

இன்றைய நிலை வேறு. கட்டடக் கலைஞர் ரெவிட் அல்லது ஆர்க்கிகேட் என்னும் மென்பொருளில் வீட்டின் மாதிரியைக் கணினியில் அமைக்கிறார். தூணும் உத்தரமும் கணக்கிடுவோர் வேறொரு மென்பொருளைக் கையாளுகின்றனர். குழாய்க்கும் மின்கம்பிக்கும் மற்றொன்று. ஒன்றின் கோப்பை மற்றொன்று நேராகப் படிப்பது அரிது.

என் அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். மாடி வீடு ஒன்றிற்காக எனக்கு வந்த மாதிரியை என் கணினியில் திறந்தேன். தூண்கள் வெறும் பெட்டிகளாகக் கிடந்தன, கதவுகள் பெயரிழந்திருந்தன, மில்லிமீட்டர் மீட்டராகி அளவெல்லாம் குழம்பியிருந்தது. எல்லாவற்றையும் மீண்டும் வரைந்தோம். அவ்வாறு வரைந்ததில் நேர்ந்த சிறு பிழையால், கழிவுநீர்க் குழாய் உத்தரத்தின் குறுக்கே வந்து நின்றது. கட்டிய சுவரை இடிக்க நேர்ந்தது. பிழை எங்களுடையது, செலவோ வீட்டுக்காரருடையது!

இது என் ஒருவன் கதை அன்று. அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய ஒவ்வாமையால் அந்நாட்டுப் பெருங்கட்டடத் துறையில் 2002ஆம் ஆண்டில் மட்டும் 1,580 கோடி டாலர் வீணாயிற்று. அதில் மூன்றில் இரு பங்கு, கட்டடத்தை உடையோரும் பராமரிப்போரும் சுமந்ததாகும்.

இந்நோய் தமிழர்க்குப் புதியதன்று. ஓர் எழுத்துருவில் தட்டிய கடிதம், மற்றொரு கணினியில் புரியாத குறிகளாய் விரிந்த காலத்தை நாம் மறந்தோமா? ஒருங்குறி என்னும் பொது ஏற்பாடு வந்த பின்னரன்றோ நம் எழுத்து எங்கும் எழுத்தாகவே நின்றது!

கட்டடத்திற்கும் அத்தகைய பொதுமொழி உண்டு. அதன் பெயர் ஐ.எஃப்.சி. 1990களின் நடுவில் தொடங்கிய இம்முயற்சி, 2013இல் ஐ.எஸ்.ஓ. 16739 என்னும் உலகத் தரமாயிற்று. பில்டிங்ஸ்மார்ட் என்னும் அமைப்பு இதனைப் பேணுகிறது. இக்கோப்பில் சுவர் கோடாக இராது. சுவர் என்றே இருக்கும். அதன் கனம், பொருள், எந்த மாடி, எந்தச் சாளரம் அதில் பொருந்துகிறது என்பன யாவும் உடன் வரும். ஒவ்வோர் உறுப்புக்கும் தனி அடையாளக் குறியும் உண்டு.

இதுவும் குறையற்றதன்று. ஒருவர் அமைத்த மாதிரியை மற்றவர் முழுமையாகத் திருத்துவதற்கு இது எளிதில் உதவாது. ஆகவே, அவரவர் மாதிரியை அவரவரே திருத்த வேண்டும். பொதுக்கோப்புகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் குழாயும் உத்தரமும் மோதுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு, அளவு தொடங்கும் புள்ளியையும் அலகையும் முதல் நாளிலேயே அனைவரும் ஒத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

வீடு கட்டவிருக்கும் அன்பர்களே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: "பணி முடிந்ததும் மூலக்கோப்பும், ஐ.எஃப்.சி. கோப்பும், அச்சிட்ட படமும் தரப்பட வேண்டும்." இருபது ஆண்டு கழித்து உங்கள் மகன் மேலே ஒரு மாடி எழுப்ப எண்ணும்போது, இன்றைய மென்பொருள் இருக்குமோ, இராதோ, வீடு இருக்கும்.

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்த பத்மநாபபுரத்தை எண்ணிப் பாருங்கள். 1956இல் அவ்வூர் தமிழகத்தோடு இணைந்தது. அங்குள்ள அரண்மனையைக் கேரள அரசே இன்றும் பேணுகிறது. இரு மாநிலங்கள் ஒரு கட்டடத்தை இவ்வாறு காக்க முடியுமாயின், இரு மென்பொருள்கள் ஒரு வீட்டைப் புரிந்துகொள்ளலாகாதா?

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!