காய்கறிப் பையும் ஒரு மணி நேரமும்

(நம் மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில் கிராம நலப் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வழக்கமாக இந்த மேடையில் டாக்டர்கள் நின்று கட்டடத்தைப் பற்றியும் கருவிகளைப் பற்றியும் பேசுவார்கள். நாங்கள் பேச வந்திருப்பதோ கத்தரிக்காயையும் முருங்கைக்கீரையையும் பற்றி. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். இந்த வேலையைத் தொடங்கினபோது எங்களுக்கே சிரிப்புதான் வந்தது.

சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு ஆச்சி நம் பெண்கள் வார்டுக்கு வந்தார்கள். பனை ஓலையில் பெட்டி முடைந்தே காலம் கழித்தவர்கள். இரத்தசோகை, தலைசுற்றல், காலில் ஆறாத புண். பத்து நாள் படுக்கையில் இருந்தார்கள். முகம் தெளிந்து வீடு போனார்கள். மூன்று மாதத்தில் அதே நிலையில் திரும்பி வந்தார்கள். மறுபடியும் வந்தபோது வார்டு நர்ஸம்மா மருந்துச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, "வீட்டில் என்ன சாப்பிடுவீங்க ஆச்சி?" என்று கேட்டார்கள்.

"ஒத்த ஆளுக்கு என்னத்தப் பொங்க? சோத்த வடிச்சு ஊறுகாயத் தொட்டுக்கிட்டா வயிறு நெறஞ்சிரும்மா" என்று பதில் வந்தது.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். தகர டப்பாவில் ரேஷன் அரிசி இருந்தது. உப்பு, ஊறுகாய், இரண்டு துண்டு கருவாடு, காப்பித் தூள் இருந்தன. பச்சையாக ஒன்றும் இல்லை. பிள்ளைகள் இருவரும் மும்பையில் கடைகளில் வேலை பார்க்கிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அங்கே வாடகை கொடுப்பதே அவர்களுக்குப் பாடு.

நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962-ஆம் ஆண்டில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அது 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். இவற்றுக்காக நன்றி சொல்ல வேண்டும். பசியால் மடியும் கிழவர்களை நம் வார்டுகளில் நாம் இன்று காண்பதில்லை. ஆனால் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரையோடு சேர்த்து 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் சொல்லப்பட்டிருக்கிறது. காய்கறி மட்டும் மாதம் 12 கிலோ ஆகிறது. கிலோ 40 ரூபாய் என்று வைத்தாலும் 480 ரூபாய். மின்சாரம், மாத்திரை, பஸ் கட்டணம், காப்பித்தூள் எல்லாம் மீதியில் நடக்க வேண்டும். முதலில் கைவிடப்படுவது காய்கறிதான். அது இல்லாவிட்டால் வயிறு உடனே சத்தம் போடுவதில்லை அல்லவா?

ஆகவே வாரம் ஒரு பை என்று தொடங்கினோம். வியாழக்கிழமை விடியுமுன்னே திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுக்கு வண்டி போகும். அறுப்பின் பண்டிகை முடிந்த வாரங்களில் சபைகளிலிருந்தும் பூசணியும் வாழைத்தாரும் வந்து சேரும். ஏலத்தில் ஒரு சுரைக்காயை ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்து, அதை அப்படியே எங்கள் வண்டியில் ஏற்றிவிட்ட சகோதரர்கள் இந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். பைக்கு மூன்று கிலோ: ஒரு கட்டுக் கீரை, தக்காளி, கத்தரிக்காய், பூசணிக் கீற்று, முருங்கைக்காய், பப்பாளி, எலுமிச்சை இரண்டு. வாசலில் கொடுத்து, பெயரை எழுதிக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு ஓடுவோம். ஒரே காலையில் எத்தனை வீடு முடித்தோம் என்பதில் எங்களுக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

மூன்றாவது வாரம் அந்தப் பெருமை போயிற்று. ஒரு வீட்டில் போன வாரத்துப் பை ஆணியில் தொங்கியபடியே இருந்தது. கீரை கறுத்துப்போயிருந்தது, தக்காளியிலிருந்து நீர் வடிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் மற்ற வீடுகளிலும் உள்ளே போய்ப் பார்த்தோம். ஒருவருக்குப் பல் இல்லை; முருங்கைக்காயை என்ன செய்வார்? ஒருவருக்கு ஓலை முடைந்து முடைந்து விரல்கள் மடங்கிப்போயிருந்தன. கத்தரிக்காய் அரியக் கை வராது. வேறொருவர் சிலிண்டர் தீர்ந்துவிடுமே என்று ஒரு நேரம் மட்டும் அடுப்பு மூட்டுகிறவர். இரண்டு பாட்டிமார் பப்பாளியை அப்படியே பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்காக எங்களில் சிலர் கோபித்துக்கொண்டோம். அது தவறு. பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாமல் இருந்த பாட்டிக்கு ஒரு பழம் கிடைத்தது, கொடுத்தாள். நாமாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

இன்னொரு தவறையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரு பெரியவருக்குச் சிறுநீரக வியாதி. அவருடைய சீட்டு நம் மருத்துவமனையிலேயே இருந்தது. நாங்கள் எடுத்துப் பார்க்கவில்லை. நல்லதென்று எண்ணி வாரந்தோறும் முருங்கைக்கீரையும் வாழைப்பழமும் கொடுத்தோம். ஒருவர் ஆசையாக இளநீரும் வாங்கிக்கொடுத்தார். இவற்றில் பொட்டாசியம் என்னும் உப்பு அதிகம். பழுதுபட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடிவதில்லை. அது இரத்தத்தில் தங்கினால் இருதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடும். கைகால் தளர்ந்த நிலையில் அவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். டாக்டர்கள் தக்க நேரத்தில் பார்த்ததால் பிழைத்தார். அன்று இரவு எங்களில் ஒருவரும் தூங்கவில்லை. அது முதல் ஒவ்வொரு பெயரையும் நர்ஸம்மா சீட்டோடு ஒத்துப்பார்த்த பிறகே பை கட்டப்படுகிறது. சிறுநீரக வியாதியுள்ளவர்களின் பைக்குச் சிவப்பு நாடா. அவர்கள் வீட்டில் காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்க வேண்டும் என்று செய்து காட்டுகிறோம்.

அதன்பின் வீடுகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தோம். இதற்காக எங்களைக் கடிந்துகொண்ட ஆதரவாளர்கள் உண்டு. பணம் தருகிறோம், ஏன் குறைக்கிறீர்கள் என்று நியாயமாகவே கேட்டார்கள். இப்போது இரண்டிரண்டு பேராகப் போகிறோம். வீட்டுக்கு ஒரு மணி நேரம். திண்ணையிலோ அடுப்படியிலோ உட்கார்ந்து, அவர்களோடு பேசிக்கொண்டே காய் அரிகிறோம். பருப்போடு கீரையைக் குழைய வேகவைத்து மசித்துவிட்டு, அவர்கள் சாப்பிடும்வரை இருக்கிறோம். பல் இல்லாதவர்களுக்குப் பூசணி, சுரைக்காய், பப்பாளி. ஊறுகாயைக் குறைத்துக் குழம்பில் எலுமிச்சை பிழியச் சொல்கிறோம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பு உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் காப்பி அதைக் கெடுக்கும் என்றும் சொல்கிறோம். காப்பி விஷயத்தில் மட்டும் ஒருவரும் எங்கள் பேச்சைக் கேட்பதாகத் தெரியவில்லை. போதாததற்கு எங்களுக்கும் ஒரு டம்ளர் வந்துவிடுகிறது.

தாத்தா ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாலிபத்தில் காலையும் மாலையும் நாற்பது பனை ஏறினவர். மனைவி இருந்தவரை அடுப்படிப் பக்கம் போனதில்லை. மனைவி அடக்கம்பண்ணப்பட்ட பிறகு பன்னும் டீயுமே ஆகாரம். முதல் இரண்டு மாதம் எங்களோடு பேசவே இல்லை. பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார். ஒரு நாள் எங்களில் இளையவர் ஒருவர், பதநீர் எந்த மாதத்தில் அதிகம் இறங்கும் என்று சும்மா கேட்டார். அன்று இரண்டு மணி நேரம் பேசினார். பாளை சீவுவதையும், கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதையும், கருப்பட்டிப் பாகு எப்போது இறக்கவேண்டும் என்பதையும் சொல்லிமுடியவில்லை. இன்று அவரே ரசம் வைக்கிறார். கொல்லையில் தண்டங்கீரை விதைத்து, எங்களுக்கு ஒரு கட்டு வைத்திருக்கிறார். அதை வாங்கிக்கொள்ளத் தயங்கினோம். வாங்காமல் போனால் மறுபடியும் கதவைச் சாத்திவிடுவார் என்று தோன்றியதால் வாங்கிக்கொண்டோம்.

தனிமை என்பது மனக்கவலை மாத்திரம் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், ஆண்டுக்கு 8,71,000 மரணங்கள் அதனோடு தொடர்புடையவை என்றும் கணக்கிட்டிருக்கிறது. அந்த எண் பெரியது. அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது ஆணியில் தொங்கிய அந்தப் பையில்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி பெருகி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகள் துண்டிக்கப்பட்டன. இரண்டு வாரம் எங்கள் வண்டி ஓடவில்லை. மூன்றாம் வாரம் பாதிப் பையோடு, தலைகுனிந்துதான் போனோம். முதலில் சொன்ன அந்த ஆச்சி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். பையைப் பார்க்கவே இல்லை. "நீங்கள்லாம் நல்லா இருக்கியளா? உங்க புள்ளைகளுக்கு ஒண்ணும் இல்லையே? ரெண்டு வியாழக்கிழமையும் இங்கயேதான் நின்னேன்" என்றார்கள்.

ஆதித் திருச்சபையிலும் இந்தக் காரியம் சுலபமாக நடக்கவில்லை என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அன்றாடப் பகிர்வில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அதற்காகப் பொறுப்புள்ள ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். எங்களுக்கும் இன்று குறைவாக இருப்பது ஆட்கள்தான். உங்கள் காணிக்கையால் காய்கறிச் செலவு தடையின்றி நடக்கிறது. அதற்காக உங்களை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் குறைத்த வீடுகளுக்கு நாங்கள் இன்னும் திரும்பிப் போகவில்லை. பழைய பதிவேட்டில் அந்தப் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. அவர்களில் இருவர் இதற்குள் மரித்துப்போனார்கள். ஒருவருடைய மரணம் எங்களுக்குத் தெரியவந்ததே ஒரு மாதம் கழித்து.

மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை தரக்கூடியவர்கள் கூடுகை முடிந்ததும் எங்களிடம் பெயர் கொடுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வாலிபர் சங்கப் பிள்ளைகள், யாராயிருந்தாலும் சரி. சமைக்கத் தெரியாதவர்களும் வரலாம். ஏழு மணிக்கு மருத்துவமனை வாசலிலிருந்து புறப்பட்டு, பன்னிரண்டு மணிக்குள் திரும்பிவிடுவோம். வரும்போது ஒரு அரிவாள்மணை கொண்டுவந்தால் உதவியாயிருக்கும். எங்களிடம் இரண்டுதான் இருக்கின்றன. அதில் ஒன்றுக்குக் கூர் இல்லை.