ஏன் பறக்க ஆசை?

(தொடர்கல்வி மையத்தில் பேசியது)



நம் தலைக்கு மேல் தினமும் விமானம் பறக்கிறது. ஹெலிகாப்டர் போகிறது. நம் தீவுகளில் வடக்கே திக்லிபூர் பக்கத்தில் படைகளின் விமானத் தளம் இருக்கிறது. போர்ட் பிளேரில் இருக்கிறது. கார் நிக்கோபாரில் இருக்கிறது. தெற்கே கேம்பல் பேயிலும் இருக்கிறது. போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர். நாம் பழகிய பெயரையே நான் சொல்கிறேன்.

இதையெல்லாம் பார்த்து வளரும் பிள்ளை ஒரு நாள் சொல்கிறது: "நான் பட்டாளத்தில் சேருவேன். விமானம் ஓட்டுவேன்."

நாம் என்ன பதில் சொல்கிறோம்? "அதெல்லாம் நமக்கு எதற்கு?" என்கிறோம். அல்லது, "நல்ல சம்பளம், போய்ச் சேர்" என்கிறோம். இரண்டுமே அவசரப் பதில். முதலில் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "ஏன்?"

ஏன் என்பதற்கு ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் உண்டு. சிலருடைய பதிலைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ராமேஸ்வரத்துப் பையன்

அப்துல் கலாமை நாம் எல்லோரும் அறிவோம். அவரும் நம்மைப் போலத் தீவில் வளர்ந்தவர். 1931-இல் ராமேஸ்வரத்தில் பிறந்தார். ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்பவர் அவருக்கு ஆசிரியர். பறவை எப்படிப் பறக்கிறது என்று அவர் பாடம் நடத்தினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. உடனே எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துப் போனார். பறக்கும் பறவைகளையே காட்டி விளக்கினார். அன்று கலாமின் மனதில் விழுந்தது பறக்கும் ஆசை.

சென்னையில் விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. கட்டப் பணம் இல்லை. அக்கா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். அந்த வேதனையும் பெருமையும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

படிப்பு முடிந்தது. விமானப்படையில் விமானியாகச் சேர டேராடூனுக்குப் போனார். வந்தவர்கள் 25 பேர். இருந்த இடம் 8. கலாமுக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம்! மனம் உடைந்தது. ஆனாலும் விமானத்தையும் ராக்கெட்டையும் விட்டு அவர் விலகவில்லை. நாட்டின் பெரிய விஞ்ஞானி ஆனார். பிறகு குடியரசுத் தலைவர் ஆனார். 2006 ஜூன் 8 அன்று புனேயில் சுகோய் போர் விமானத்தில் ஏறிப் பறந்தார். அப்போது அவருக்கு வயது 74.

பாருங்கள், வேலை கிடைக்கவில்லை. ஆனால் காரணம் உண்மையாக இருந்தது. அதனால் ஆசை கடைசி வரை சாகவில்லை.

பீகார்ச் சிறுமி

இன்னொருவர் சிவாங்கி. பீகாரில் முசாபர்பூர் பக்கத்தவர். சிறுமியாக இருந்தபோது ஊருக்கு ஒரு அரசியல்வாதி ஹெலிகாப்டரில் வந்தார். கூட்டம் வேடிக்கை பார்க்க ஓடியது. சிவாங்கியும் தாத்தாவோடு போனார். அவருடைய கண் ஹெலிகாப்டரை ஓட்டி வந்தவர் மேல் விழுந்தது. "நானும் இப்படி ஓட்ட வேண்டும்" என்று நினைத்தார்.

2019 டிசம்பர் 2 அன்று கொச்சியில் அவர் கடற்படையின் முதல் பெண் விமானி ஆனார். அவர் ஓட்டியது டோர்னியர் விமானம். அதே வகை விமானம்தான் போர்ட் பிளேரில் உள்ள உத்க்ரோஷ் தளத்திலிருந்து நம் கடலைக் காவல் காக்கப் போகிறது.

"பெண் பிள்ளைக்கு இது ஆகுமா?" என்று நம் மையத்தில் ஒரு அக்கா கேட்டார். ஆகும். விமானப்படையில் பெண்கள் 1994 முதல் விமானம் ஓட்டுகிறார்கள். 2016-இல் அவனி, பாவனா, மோகனா என்ற மூன்று பெண்கள் போர் விமானப் பிரிவிலும் சேர்ந்தார்கள்.

நம் தீவில் பிறக்கும் காரணம்

நம் பிள்ளைகளுக்கு வேறு ஒரு காரணமும் இருக்கலாம். 2004 டிசம்பர் 26 நமக்கு மறக்காது. அன்று சுனாமி கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தை விழுங்கியது. வீரர்களும் அவர்கள் குடும்பத்தாருமாக நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனாலும் அங்கிருந்து ஹெலிகாப்டர்கள் கிளம்பின. தண்ணீரில் சிக்கியவர்களைத் தூக்கின. தீவு தீவாக உணவும் மருந்தும் கொண்டு போயின.

வெளித்தீவில் பிரசவம் சிக்கலானால் என்ன செய்கிறோம்? ஹெலிகாப்டர் வருமா என்று வானத்தைப் பார்க்கிறோம். அப்படிப் பார்த்த பிள்ளை, "ஓட்டுகிறவராக நான் இருக்க வேண்டும்" என்று நினைத்தால், அது நல்ல காரணம்தான்.

குடும்பக் கஷ்டமும் ஒரு காரணம்தான். அதில் வெட்கம் இல்லை. தனியாக விமானம் ஓட்டக் கற்க பல லட்சம் ரூபாய் வேண்டும். படையில் அரசே செலவு செய்து கற்றுத் தருகிறது.

பயமும் உண்மை

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பொய்யாகும். 2016 ஜூலை 22 அன்று சென்னை தாம்பரத்திலிருந்து விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் ஒன்று போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. 29 பேர் இருந்தார்கள். விமானம் வந்து சேரவில்லை. பல வாரம் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஜனவரியில்தான் செய்தி வந்தது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாக் கருவி கடலுக்கு அடியில் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் உடைந்த பாகங்களைப் படம் எடுத்திருந்தது.

அந்த 29 வீட்டிலும் தாய் தகப்பன் இருந்தார்கள். மனைவி மக்கள் இருந்தார்கள். அதனால் தாயின் பயத்தை யாரும் கேலி செய்யக் கூடாது.

இதனால்தான் "ஏன்?" என்று கேட்கச் சொல்கிறேன். சீருடை அழகாக இருக்கிறது என்பது மட்டும் காரணமானால், கஷ்டம் வரும்போது மனம் தளரும். சித்தப்பா சொன்னார் என்று போனவர், "ஏன் வந்தோம்?" என்று வருந்துவார். காரணம் பிள்ளையின் சொந்தக் காரணமாக இருக்க வேண்டும். பயத்தையும் தாங்குகிற அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும். படைக்கு ஆள் எடுக்கும்போது ஐந்து நாள் சோதிக்கிறார்கள். நேர்முகத்தில் பிள்ளையின் மனதையும் ஆராய்கிறார்கள். மனப்பாடம் செய்த பதில் அங்கே நிற்காது.

நாம் செய்ய வேண்டியவை

பதில் உங்களுக்குத் திருப்தியா? அப்படியானால் இவற்றைக் கவனியுங்கள்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளை கணக்கும் இயற்பியலும் உள்ள பிரிவை எடுக்க வேண்டும். இது இல்லாமல் விமானி ஆவது கடினம்.

பன்னிரண்டாம் வகுப்போடு எழுதுவது என்.டி.ஏ. தேர்வு. வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் தேர்வுக் கட்டணம் இல்லை. பெண்கள் இந்தத் தேர்வை 2021 முதல் எழுதுகிறார்கள். அப்படிச் சேர்ந்த முதல் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்தார்கள்.

பட்டம் படித்த பிறகு எழுத விமானப்படையின் தனித் தேர்வும் உண்டு. அக்னிவீர் என்பது வேறு. அது நான்கு ஆண்டு வேலை. அதில் சேர்ந்தால் விமானி ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிள்ளையின் கண்ணை இப்போதே மருத்துவரிடம் காட்டுங்கள். பிறப்புச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் எடுத்து, நீங்களே எழுத்துக் கூட்டிப் படியுங்கள். பெயரும் பிறந்த தேதியும் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா? இல்லையென்றால் இப்போதே திருத்துங்கள். கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.

"இடம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். படையில் இடம் விற்பனைக்கு இல்லை.

இடம் கிடைக்காமலும் போகலாம். அப்போது கலாமை நினைத்துக் கொள்ளுங்கள். விமானத்தைப் பழுது பார்ப்பவர் வேண்டும். வானிலை சொல்பவர் வேண்டும். விமானத்துக்கு வழி சொல்பவர் வேண்டும். வானத்தோடு சேர்ந்த வேலைகள் பல உண்டு.

இன்று இரவு சோறு போடும்போது பிள்ளையிடம் கேளுங்கள். கோபமாகக் கேட்க வேண்டாம். கேலியாகவும் வேண்டாம். "ஏன் ராசா? ஏன் கண்ணு?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை பொறுமையாக இருங்கள்.