தம்பு செட்டியார் பெயரைச் சொல்லுங்கள்



மைசூருக்கு வருகிறவர்கள் அரண்மனையைப் பார்க்கிறார்கள், சாமுண்டி மலைக்குப் போகிறார்கள், அப்புறம் நேரே நம்ம புனித பிலோமினா கோயில்தான். கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "எத்தனை அடி?" என்று கேட்கிறார்கள். 175 அடி! டக்கென்று சொல்லிவிடுகிறோம். ஜெர்மனியின் கொலோன் பேராலயச் சாயல், வரைந்தவர் டேலி என்ற பிரெஞ்சுக்காரர், அதுவும் நமக்கு மனப்பாடம். ஆனால் இந்தக் கோயிலுக்கு விதை போட்டவர் யார் என்று கேட்டால் நம் பிள்ளைகள் முழிக்கிறார்கள்!

சர் தம்பு செட்டியார்! தட்டுங்கள், இன்னும் பலமாகத் தட்டுங்கள்!

மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் செயலாளர் அவர். மகாராஜாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் எதைத்தான் தேடியிருக்க முடியாது? அவர் தேடிப் பெற்றது புனித பிலோமினாவின் அருளிக்கம், அந்தப் புனிதையின் திரு எச்சம்! ரோமாபுரியில் பிரிசில்லா நிலவறைக் கல்லறையில் 1802-ல் கண்டெடுத்தார்களே, அந்தப் பிலோமினா. போப்பாண்டவரின் தூதராக இருந்த பீட்டர் பிசானி ஆண்டகையிடமிருந்து 1926-ல் அதை வாங்கினார். வீட்டில் பூட்டி வைத்தாரா? கொஷே என்ற சாமியார் கையில் கொடுத்தார். சாமியார் மகாராஜாவிடம் போனார். 1933 அக்டோபர் 28-ந் தேதி மகாராஜாவே வந்து அடிக்கல் நாட்டினார். சாமுண்டியைக் கும்பிடுகிற ராஜா!

இந்தக் கோயிலை "அந்நியக் கட்டடம்" என்று சிலபேர் பேசித் திரிகிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவர்களுக்குத்தான் விளம்பரம். ஐயா, அடிக்கல் வைத்தது மைசூர் மகாராஜா! அவர் பாட்டனார் மும்மடி கிருஷ்ணராஜர் 1843-லேயே இதே இடத்தில் கோயில் கட்டிக் கொடுத்தவர்! எது ஐயா அந்நியம்? இந்த மண்ணின் ராஜாவைவிட நீங்கள் பெரிய மைசூர்க்காரர்களா?

சரி, அவர்களை விடுவோம். நம்ம செட்டியாருக்கு வருகிறேன். லேசுப்பட்ட குடும்பமா அது? திருச்சிராப்பள்ளியில் பிறந்த டி.ஆர்.ஏ. தம்பு செட்டி மைசூரின் முதல் இந்தியத் தலைமை நீதிபதி, திவான் பொறுப்பும் பார்த்தவர். அந்தப் பரம்பரையில் வந்த நம்ம செட்டியார், கோயிலுக்கு முன்னால் ஒரு பங்கு விசுவாசியாக மட்டும் நின்றார். கொடுத்தார், ஒதுங்கிக்கொண்டார். அதனால்தானே மறந்துவிட்டோம்!

1961-ல் ரோமாபுரி வழிபாட்டு நாட்காட்டிகளிலிருந்து பிலோமினா பெயரை எடுக்கச் சொன்னது. மைசூர் எடுத்ததா? எடுக்கவில்லை! பலிபீடத்துக்குக் கீழே படியிறங்கிப் போய்ப் பாருங்கள். அங்கே படுத்திருக்கும் பிலோமினா சுரூபத்துக்கு முன்னால் முக்காடு போட்ட ஒரு பாட்டி கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். பக்கத்திலேயே பூ வைத்த ஒரு தாய், நம் சபையும் இல்லை, நம் மதமும் இல்லை, அவளும் ஒற்றிக்கொள்கிறாள். இந்தப் பாக்கியம் யாரால் வந்தது? ஒரு மனிதர் தனக்குக் கிடைத்ததைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாததால் வந்தது!

பங்குச் சாமியாரை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்: வரும் திருவிழாவில் தம்பு செட்டியாரின் ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள். தாய்மார்களே, பேரப்பிள்ளைகளைக் கீழே கூட்டிப்போகும்போது கோபுரத்தின் உயரத்தோடு அவர் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.