பால் பற்களும் பரம்பரையும்

(ஜமாஅத் சார்பில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குழந்தைகளின் பற்களைப் பற்றி நான்கு வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்தார்கள். சொத்தைப் பல்லைப் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். ஆகவே மேல் வரிசைப் பற்களும் கீழ் வரிசைப் பற்களும் சரியாகப் பொருந்தாதிருக்கும் குறையை இன்று எடுத்துக்கொள்கிறேன். எத்துப்பல், தூக்குப்பல் என்று நாம் சொல்வதும், கீழ்த்தாடை முன் தள்ளி நிற்பதும், வாயை மூடினாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாதிருப்பதும் இதில் அடங்கும்.

இக்குறையைக் காணும் பெற்றோர் இரண்டு விதமாகச் சமாதானம் கொள்கிறார்கள். "பால் பல்தானே, விழுந்து முளைத்தால் சரியாகிவிடும்" என்பது ஒன்று. "பாட்டனாருக்கும் இப்படித்தான் இருந்தது, பரம்பரையை யாரால் மாற்ற முடியும்?" என்பது மற்றொன்று. முதற் கூற்று பெரும்பாலும் தவறு. இரண்டாவது பாதி உண்மை.

பால் பற்கள் மொத்தம் 20. ஏறத்தாழ ஆறு மாதத்தில் முளைக்கத் தொடங்கி, இரண்டரை முதல் மூன்று வயதிற்குள் நிறைவடைகின்றன. ஆறு வயதளவில், எந்தப் பால் பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் முதல் நிலையான கடைவாய்ப் பல் முளைக்கிறது. அது எங்கே அமர வேண்டும் என்பதற்கு வழிகாட்டி, அதற்கு முன்னால் நிற்கும் பால் கடைவாய்ப் பல்லே. சொத்தையால் அப்பல்லை முன்னதாகவே பிடுங்க நேர்ந்தால், பின்னால் உள்ள பல் முன்னோக்கிச் சரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பின்னர் வரவேண்டிய பல் இடமின்றிக் கோணலாக முளைக்கும். அத்தகைய நிலையில் இடம் காக்கும் சிறு கம்பி வளையம் ஒன்றைப் பொருத்தினால் போதும். பிற்காலத்துப் பெருஞ்செலவு பல நேரங்களில் தவிர்க்கப்படும்.

பால் பற்களுக்கிடையே சந்து இருப்பதைக் கண்டு கவலைப்படும் தாய்மார்கள் உண்டு. அது நல்ல அடையாளம். நிலைப் பற்களில் முன்பற்கள் அகலமானவை. அவற்றுக்கான இடமே அந்தச் சந்து. நான்கு வயதிலேயே பற்கள் முத்துக் கோர்த்தாற்போல் நெருக்கமாக இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

இனிப் பரம்பரைக்கு வருவோம். தாடை எலும்பின் அளவும் வடிவும், பற்களின் அளவும், சில பற்கள் முளைக்காமலே போவதும் பெருமளவு வழிவழியாக வருபவை. குறிப்பாகக் கீழ்த்தாடை முன் நீண்டிருத்தல் சில குடும்பங்களில் தொடர்ந்து காணப்படும். ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச வம்சம் இதற்குப் பெயர் பெற்றது. 1661இல் பிறந்து 1700இல் மறைந்த ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸ், உணவை மெல்லவே சிரமப்பட்டார். அவருடைய தந்தை மணந்தது தம் உடன்பிறந்தாள் மகளை. அவ்வம்சத்தில் தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவிலேயே மணவினைகள் நடந்தன. ஸ்பெயின் ஆய்வாளர்கள் அவ்வம்சத்தினரின் ஓவியங்களை ஆராய்ந்து, உறவு மணத்தின் நெருக்கம் கூடியவர்களிடம் தாடைக் குறையும் கூடியிருந்ததை 2019இல் வெளியிட்டார்கள். சொந்தத்தில் மணம் முடித்தோர் அனைவரும் இதைக் கேட்டு அஞ்சத் தேவையில்லை. குடும்பத்தில் இத்தகைய தாடை அமைப்பு இருந்தால், ஏழு வயதிற்குள் பிள்ளையைப் பரிசோதித்துவிடுங்கள். மேல்தாடையை முன்னோக்கி வளரச் செய்யும் சிகிச்சை, பத்து வயதிற்கு முன் தொடங்கினால் நல்ல பலன் தரும். வளர்ச்சி நின்ற பிறகு அறுவை சிகிச்சைதான் வழி என்ற நிலை ஏற்படலாம்.

பெரியோர்களே, ஒரு குடும்பம் தன் பிள்ளைகளுக்குத் தருவது உடற்கூறு மட்டுமன்று. பழக்கங்களையும் சேர்த்தே தருகிறது. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே குறை இருந்தால் உடனே பரம்பரை என்கிறோம். மூவரும் நான்கு வயது வரை பால் புட்டியுடன் உறங்கினார்களா, விரல் சூப்பினார்களா, வாயால் மூச்சு விட்டார்களா என்று யாரும் கேட்பதில்லை.

மூன்று வயதைத் தாண்டியும் விரலோ ரப்பர் காம்போ சூப்பும் குழந்தைக்கு மேல் முன்பற்கள் தூக்கும்; அண்ணம் குறுகும்; முன்பற்களிடையே இடைவெளி விழும். பழக்கத்தை நேரத்தோடு நிறுத்தினால், பால் பல் பருவத்தில் அந்த இடைவெளி பல பிள்ளைகளுக்குத் தானே மூடிக்கொள்கிறது. அடிப்பதும் விரலில் கசப்பைத் தடவி அழவைப்பதும் வேண்டாம். பயமும் தனிமையும் அப்பழக்கத்தை வளர்க்கும். அன்பும் பாராட்டும் குறைக்கும். தாய்ப்பால் அருந்திய குழந்தைகளிடம் பல் பொருத்தக் குறைகள் குறைவாகக் காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. உறக்கத்தில் வாய் திறந்து குறட்டை விடும் குழந்தைக்கு மூக்கின் பின்புறத்தில் அடினாய்டுச் சதை வளர்ந்திருக்கக்கூடும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றொன்றையும் மன வருத்தத்துடன் சொல்லியாக வேண்டும். பிள்ளையின் பல் தூக்கலாக இருந்தால், "தாய் வழியில் வந்தது" என்று மருமகளைக் குத்திப் பேசுகிறோம். பெண் பார்க்கும் இடத்தில் அதுவே ஒரு குறையாக எடைபோடப்படுகிறது. ஒரு பிள்ளை தாய், தந்தை இருவரிடமிருந்தும் சமமாகவே மரபுக்கூறுகளைப் பெறுகிறது. கேலிக்கு அஞ்சி வாயைப் பொத்திச் சிரிக்கும் பெண் பிள்ளைகளை நான் என் மருத்துவமனையில் காண்கிறேன். அவர்களுள் பலருக்கு ஏழு, எட்டு வயதில் எளிதாகச் செய்திருக்கக்கூடிய ஒன்றைப் பதினெட்டு வயதில், திருமணம் பேசும் நேரத்தில், அவசரமாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. முதல் பல் முளைத்ததும், தாமதித்தாலும் முதல் பிறந்த நாளுக்குள், ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று வயதில் பிள்ளை பற்களைக் கடிக்கும்போது உதட்டை விலக்கி நீங்களே பாருங்கள்: கீழ்ப் பற்கள் மேல் பற்களுக்கு முன்னால் நிற்கின்றனவா, தாடை ஒரு பக்கம் ஒதுங்குகிறதா என்று கவனியுங்கள். ஏழு வயதில் பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் உடனே கம்பி கட்ட மாட்டார்கள். பலருக்குக் காத்திருக்கச் சொல்வதே சிகிச்சை. வசதி குறைந்தோர் அரசு பல் மருத்துவக் கல்லூரியை நாடலாம்.

பாட்டனாரின் முகச் சாயல் பேரனுக்கு வருவது நமக்கு மகிழ்ச்சியே. அவர் காலத்தில் மருத்துவமின்றி அவர் பட்ட சிரமமும் பேரனுக்கு வர வேண்டியதில்லை.