பென்சீன் வளையம் தட்டையா, மடிப்பா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



படிகங்களோடு காலம் கழித்தவன் நான். "எக்ஸ்-ரே எடுத்தா மூலக்கூறு அப்படியே படமா தெரிஞ்சிடுமா சார்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தெரியாது! கிடைப்பது வெறும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிரகாசம் என்று அளந்துவிடலாம். ஆனால் அந்த அலை முகடாக வந்து சேர்ந்ததா, பள்ளமாக வந்ததா என்பது பதிவாவதில்லை. பாதித் தகவல் அங்கேயே போச்சு. அதை மீட்பதுதான் எங்கள் தொழில்.

ஒரு கதை சொல்றேன். 1865-ல் கெக்குலே பென்சீனுக்கு ஆறு கார்பன் வளையம் கொடுத்தார். நாமும் பரீட்சையில் அறுகோணம் வரைந்து மார்க் வாங்கினோம். ஆனால் அறுபது வருஷம் கழித்தும் அந்த வளையம் தட்டையா, வைரத்தில் இருப்பதுபோல் மேலும் கீழுமாக மடிந்ததா என்பது உறுதியாகவில்லை. மடிப்பு என்ற பக்கம் சாய்ந்தவர் நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஹென்றி பிராக்.

அவருடைய மாணவி கேத்லீன் லான்ஸ்டேல். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, அங்கே வேதியியல் பேராசிரியரான இங்கோல்டு அவருக்கு ஹெக்சாமெதில்பென்சீன் படிகங்களைக் கொடுத்தார். அதிர்ஷ்டம் பாருங்க, படிகத்தின் அலகுக்கூட்டில் ஒரே ஒரு மூலக்கூறு, நடுவில் சமச்சீர் மையம்! பன்னிரண்டு கார்பனில் ஆறின் இடம் தெரிந்தால் போதும். அலையும் கூட்டலா கழித்தலா என்ற இரண்டே வழிதான். ஆனாலும் கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஒரு மாதிரியை ஊகித்து, கையால் கணக்குப் போட்டு, அளந்த பிரகாசத்தோடு ஒப்பிட வேண்டும். 1929-ல் முழு முடிவு வெளிவந்தது. வளையம் தட்டை, ஆறு பக்கமும் சமம், சுமார் 1.42 ஆங்ஸ்ட்ராம். குருவின் எண்ணத்துக்கு நேர்மாறு. நம்ம ஊர்ல இதுக்கே தனி தைரியம் வேணும்!

பிறகு, தொலைந்த பாதியைக் கணிதத்தாலேயே மீட்கும் வழி கண்ட ஹாப்ட்மேனுக்கும் கார்லேவுக்கும் 1985-ல் நோபல் கிடைத்தது. இன்று சின்ன மூலக்கூறு என்றால் நல்ல படிகத்தை வைத்துச் சில மணி நேரத்தில் விடை வந்துவிடுகிறது. திரையில் ஆர்-மதிப்பு 4 சதவீதம் என்றதும் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்கள். எனக்கு அங்கேதான் கவலை. எக்ஸ்-கதிர் பார்ப்பது எலக்ட்ரானை. ஹைட்ரஜனிடம் இருப்பதோ ஒன்றே ஒன்று. அமிலத்தின் ஹைட்ரஜன் ஆக்சிஜனிலேயே இருக்கிறதா, பக்கத்து நைட்ரஜனுக்குத் தாவி உப்பாகிவிட்டதா? மருந்து தண்ணீரில் எப்படிக் கரையும் என்பதே இதனால் மாறலாம். ஆர்-மதிப்பு இதைக் காட்டிக் கொடுக்காது. அமிலத் தொகுதியில் கார்பன்-ஆக்சிஜன் நீளம் இரண்டையும் பாருங்க. ஒன்று 1.21, மற்றது 1.31 ஆங்ஸ்ட்ராம் பக்கம் என்றால் ஹைட்ரஜன் தாவவில்லை. இரண்டும் 1.25 பக்கம் என்றால் தாவிவிட்டது. லான்ஸ்டேல் அம்மையார் பார்த்ததும் இதே மாதிரி சமமா, சமமில்லையா என்பதைத்தான்.

படிகம் வளராமல் தவிக்கும் மாணவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வரலாம். கரைப்பானை மெதுவாக ஆவியாக விடுவது பற்றி நிறையப் பேசலாம்.