நீண்ட குடலும் நிதான வாழ்வும்

(பொன்விழா ஆண்டின் முதியோர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



இக்கூட்டத்தில் உடல்நலம் பற்றிப் பேசும்படி விழாக்குழுவினர் என்னைக் கேட்டபோது, சர்க்கரை நோயைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ சாமியார் நாலு வார்த்தை சொல்லுவார் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். அவற்றைப் பற்றிப் பேச டாக்டர்கள் இருக்கிறார்கள். மேடையில் யாரும் எடுக்காத, வீட்டிலும் காதோடு காதாகவே பேசப்படுகிற ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். மலச்சிக்கல், அதிலும் குறிப்பாக நீண்டு மடிந்து சுருண்டு கிடக்கும் பெருங்குடலால் வருகிற தொல்லை, இதுவே இன்றைய பொருள். பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கலாம், சிரிப்பு வயிற்றுக்கு நல்லதே.

இதைப் பற்றி நான் தெரிந்துகொள்ளக் காரணம், எனக்கே அப்படியொரு குடல் இருப்பதுதான். வயிற்று உப்புசமும் இடப்பக்க வலியும் மூன்று நாளைக்கு ஒருமுறை மட்டுமே வெளிக்குப் போவதும் வாடிக்கையாகிவிட்டபோது, பேரியம் என்னும் வெள்ளை மருந்தை உள்ளே செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “சாமி, உங்கள் குடல் மற்றவர்களுடையதைவிட நீளம்” என்றார். என் பிரசங்கத்தைப் பற்றி நீங்கள் சொல்லுவதையே இவரும் சொல்லுகிறாரே என்று எண்ணிக்கொண்டேன்.

பெருங்குடல் ஏறத்தாழ 5 அடி நீளமுள்ள குழாய். சிறுகுடல் 20 அடி. ஆகவே ‘பெரும்’ என்ற பட்டம் அகலத்தினால் வந்ததேயன்றி நீளத்தினால் வந்ததன்று. அது அடிவயிற்றின் வலப்பக்கம் தொடங்கி, ஈரல்வரை ஏறி, இரைப்பைக்குக் கீழே குறுக்காகச் சென்று, இடப்பக்கம் இறங்கி, கடைசியில் ஒரு வளைவு வளைந்து மலக்குடலில் சேருகிறது. அந்தக் கடைசி வளைவுக்குக் கிரேக்க எழுத்தாகிய சிக்மாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். குருமடத்தில் நாங்கள் கிரேக்க அரிச்சுவடி படித்தபோது, அதில் ஓர் எழுத்து எங்கள் வயிற்றுக்குள்ளேயே கிடக்கிறது என்று எவரும் சொல்லித் தரவில்லை.

சிலருக்கு இந்தக் குழாய் அளவுக்கு மீறி நீண்டிருக்கிறது. பெரும்பாலும் இது பிறவி அமைப்பே. பெட்டி சிறிது, உள்ளே வைக்கும் கயிறு நீளம் என்றால் கயிறு மடிந்தும் சுருண்டும்தான் கிடக்கும், அவ்வளவே. இதில் நாம் அறிய வேண்டியது, அந்தக் குழாய் செய்யும் வேலையைத்தான். சிறுகுடலிலிருந்து நாள்தோறும் ஒன்று, ஒன்றரை லிட்டர் கூழ் பெருங்குடலுக்கு வந்து சேருகிறது. அதிலுள்ள தண்ணீரில் பெரும்பகுதியை உறிஞ்சி உடலுக்குத் திருப்பிக் கொடுப்பதே அதன் தொழில். பாதை நீண்டு வளைவுகள் மிகுந்தால் சக்கை அதில் தங்கும் நேரமும் கூடுகிறது. தங்கத் தங்கத் தண்ணீர் வற்றி, புழுக்கை புழுக்கையாய் இறுகிப்போகிறது. அதன் பின்னால் வாயு அடைபடுகிறது. உப்புசம், பசியின்மை, போய்வந்த பிறகும் இன்னும் மீதியிருக்கிறது என்ற எண்ணம் எல்லாம் இதனால் வருபவை.

நீண்ட குடலுள்ள எல்லாருக்கும் இத்தொல்லை இருப்பதில்லை. வேறு எதற்கோ படம் எடுக்கும்போதுதான் பலருக்குத் தமக்கு இப்படியிருப்பதே தெரியவருகிறது. எனவே “குடல் நீளம்” என்று அறிக்கையில் எழுதியிருந்தால், புற்றுநோய் என்று எண்ணி வீட்டில் அழ வேண்டாம். அது புற்றுநோயுமன்று, அதற்கு முன்னோடியுமன்று. வாரத்தில் மூன்று தடவை போகிறவரும் சரி, நாளில் மூன்று தடவை போகிறவரும் சரி, சிரமமில்லாமல் போனால் அது அவரவர் இயல்பு.

இவ்வளவு தொல்லை தரும் குடலை வெட்டி எறிந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கேட்டவர்கள் உண்டு. இலண்டன் கைஸ் மருத்துவமனையில் சர் வில்லியம் ஆர்பத்நாட் லேன் (1856–1943) என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் இருந்தார். தேங்கிய மலத்தின் நஞ்சு இரத்தத்தில் கலந்து எல்லா நோய்களையும் உண்டாக்குகிறது என்ற கொள்கையை நம்பி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலச்சிக்கல்காரர்கள் பலரின் பெருங்குடலை அவர் நீக்கினார். சிலர் அறுவையினாலேயே இறந்தார்கள். அந்தக் கொள்கை பின்னால் நிலைக்கவில்லை. ஆனால் “உங்கள் குடலைக் கழுவி நஞ்சை எடுத்துத் தருகிறோம்” என்று பணம் பறிக்கிறவர்கள் இன்றும் அதே பழைய கதையைத்தான் விற்கிறார்கள். அங்கே போக வேண்டாம் என்பது என் கண்டிப்பான வார்த்தை. மலச்சிக்கலுக்காகக் குடலை நீக்குவது, வேறெதுவும் பலிக்காமல், தக்க சோதனைகளும் செய்த பிறகு, மிகச் சிலருக்கே இக்காலத்தில் செய்யப்படுகிறது. மற்ற நாமெல்லாரும் நம் நீளத்தோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

அந்தக் குடித்தனத்தில் முதலில் வருவது நேரம். காலையில் ஏதாவது சாப்பிட்டு அரைமணி நேரத்துக்குள் பெருங்குடல் தானாகவே அசைந்து கொடுக்கிறது. வயிற்றில் உணவு விழுந்த செய்தி அதற்குப் போய்விடுகிறது. அந்த நேரத்தை விட்டுக்கொடுக்காமல் தினமும் போய் உட்கார வேண்டும். பத்து நிமிடம் போதும், முக்க வேண்டாம். செல்போனை வெளியே வைத்துவிட்டுப் போகவும். கையில் அது இருந்தால் பத்து நிமிடம் முக்கால் மணியாகிவிடும். முழங்கால் வலியினால் நாற்காலிபோல் உள்ள கழிப்பறையில் உட்காருகிற பெரியவர்கள், காலடியில் ஒரு சிறு மனையைப் போட்டுக்கொண்டால் குந்தி உட்காருகிற நிலை கிடைத்து வழி நேராகிறது.

அடுத்தது தண்ணீர். இங்கே ஒரு சங்கதியை நான் பங்குத் தந்தையாகவே சொல்ல வேண்டும். நம் பாட்டிமார் சிலர், நன்மை வாங்குவதற்காக நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பூசைக்கு வருகிறார்கள். தண்ணீர் குடித்தால் அந்த உபவாசம் முறியாது என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1953லேயே அறிவித்துவிட்டார். 1964 முதல் உபவாசமே ஒரு மணி நேரந்தான். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி தண்ணீரும் மருந்தும் அதற்குத் தடையில்லை. முதியவர்களையும் நோயாளிகளையும் அந்த ஒரு மணியும் கட்டாது. ஆகையால் எழுந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டே கோவிலுக்கு வாருங்கள். அதேபோல் 60 வயதை எட்டியவர்களை ஒருசந்திச் சட்டம் கட்டுவதில்லை. தவக்காலத்தில் வெறும் தேநீரில் நாளைக் கழித்துவிட்டு ஈஸ்டருக்குள் வயிறு கல்லாகிப்போவதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

தண்ணீர் குடிக்காததற்கு வேறொரு காரணமும் உண்டு. அது பக்தியினால் வருவதன்று. உப்பளத்துக்குப் போகும் நம் தாய்மார் விடியுமுன் புறப்படுகிறார்கள். பாத்தி வெட்டவெளியில் கிடக்கிறது, ஒதுங்க மறைவில்லை. அதனால் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள், வந்த உணர்ச்சியையும் அடக்கிக்கொள்கிறார்கள். கடலுக்குப் போகும் ஆண்களுக்கும் வள்ளத்தில் இதே சங்கடந்தான். அடக்க அடக்கக் குடல் கூப்பிடுவதையே நிறுத்திவிடும். இப்படிப்பட்டவர்களிடம் “கீரை சாப்பிடு, நன்றாகத் தண்ணீர் குடி” என்று மட்டும் சொல்லுவது அரைகுறை உபதேசம். வேலைத்தலத்தில் கழிப்பறை கேட்பதும் இந்த நோய்க்கு மருந்துதான். அதைக் கேட்கப் போகிறவர்களோடு நானும் வருவேன்.

உணவைப் பற்றி நீங்கள் ஓரளவு அறிவீர்கள். உகாண்டாவில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் டெனிஸ் பர்க்கிட், நாட்டுப்புற ஆப்பிரிக்கருக்குச் சக்கை விரைவாகவும் மிகுதியாகவும் கழிவதையும், சக்கையற்ற உணவுண்ணும் ஆங்கிலேயருக்கு அது நாட்கணக்கில் தங்குவதையும் 1972இல் தம் நண்பர்களோடு சேர்ந்து எழுதியபிறகே நார்ச்சத்து உலகெங்கும் பேசப்பட்டது. நம் பனங்கிழங்கிலும் கம்பிலும் அவரைக்காயிலும் கொய்யாவிலும் அது தாராளமாக இருக்கிறது. எனினும் ஓர் எச்சரிக்கை. நீண்ட குடல்காரர்களில் சிலருக்கு நாரைக் கூட்டக் கூட்ட உப்புசமே கூடும். ஏற்கெனவே நெரிசலான தெருவில் இன்னும் நாலு வண்டியை விட்ட கதைதான். வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் குறைத்துவிடுங்கள். எனக்குப் பனங்கிழங்கு ஒத்துக்கொள்கிறது, மொச்சை ஒத்துக்கொள்வதில்லை. இசப்கோல் எடுப்பவர்கள் நிறையத் தண்ணீரோடு எடுக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். அதுவும் பலிக்காதவர்களுக்குக் குடலில் தண்ணீரைத் தங்கவைக்கும் லாக்டுலோஸ் போன்ற மருந்துகள் உண்டு. டாக்டர் சொன்னால் அவற்றை நெடுநாள் எடுப்பதில் வெட்கமொன்றும் இல்லை.

பேதி மருந்து விஷயத்துக்கு வருகிறேன். நிலவாகை நம் திருநெல்வேலிச் சீமையின் பெயராலேயே வெளிநாடுகளில் விற்பனையாகும் மூலிகை. நல்ல மருந்துதான், டாக்டர்களும் அளவோடு கொடுக்கிறார்கள். ஆனால் தாமாகவே நாளுக்கு நாள் அளவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு வயிற்று முறுக்கும் உப்புச்சத்து இழப்பும் தளர்ச்சியும் வரும். சிறுபிள்ளைகளுக்கும் எண்பது வயதுக் கிழவருக்கும் ஒரே கரண்டியில் விளக்கெண்ணெய் ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நீங்கள் விழுங்கும் மற்ற மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, சில இரத்த அழுத்த மாத்திரைகள், வீரியமான வலி மருந்துகள் ஆகியவை மலத்தைக் கட்டும்.

இதுவரை சொன்னது அன்றாடத் தொல்லை. இனிச் சொல்லப்போவது உயிர் போகும் காரியம். ஆகவே சற்றுக் கவனமாகக் கேளுங்கள்.

நீண்ட குடலின் அந்தச் சிக்மா வளைவு ஒரு சவ்வினால் முதுகுப்புறத்தோடு கட்டப்பட்டுத் தொங்குகிறது. ஊஞ்சலின் இரு கயிறுகளையும் மிக நெருக்கமாகக் கட்டினால் ஊஞ்சல் சுற்றிக்கொள்ளும் அல்லவா? அப்படியே, வளைவு நீளமாகவும் அதன் அடிக்கட்டு குறுகலாகவும் இருந்தால், குடல் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளக் கூடும். முறுக்கினால் வழி அடைபடுகிறது, இரத்த ஓட்டமும் அடைபடுகிறது, குடல் அழுகத் தொடங்குகிறது. இது மேலைநாடுகளைவிட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் இந்தியாவிலும் மிகுதி. பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலைவாசிகளுக்கு இந்த வளைவு இயல்பாகவே நீண்டும் அகன்றும் இருப்பதையும், அங்கே இந்த முறுக்கு அடிக்கடி நேர்வதையும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் மலச்சிக்கலுள்ள வயது முதிர்ந்த ஆண்கள்தான் இதற்குப் பெரும்பாலும் ஆளாகிறார்கள்.

முன்பு நான் இருந்த ஒரு பங்கில், ஓர் இரவு பத்து மணிக்கு ஒரு வாலிபன் அறைவீட்டுக் கதவைத் தட்டினான். “சாமி, தாத்தாவுக்கு அவஸ்தை குடுக்கணும், வெரசா வாங்க” என்றான். போய்ப் பார்த்தேன். கிழவருக்கு வயிறு முரசுபோல் உப்பியிருந்தது. இரண்டு நாளாக மலமும் இல்லை, வாயுவும் பிரியவில்லை. “வாயுக் கோளாறுதான் சாமி” என்று இரண்டு முறை விளக்கெண்ணெய் கொடுத்திருந்தார்கள். டாக்டரைக் கூப்பிடுமுன் சாமியாரைக் கூப்பிட்டிருந்தார்கள்! வேனைக் கொண்டுவரச் சொல்லி, போகிற வழியிலேயே அவருக்குப் பூசினேன். குடலில் ஒரு பகுதி கறுத்துவிட்டதால் அன்றிரவே அறுத்து எடுத்தார்கள். சில மாதம் வயிற்றில் பையோடு இருந்து பின்பு தேறினார். ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் சொன்னது: “முதல் நாளே தெரிஞ்சுது சாமி. மருமகளிட்ட இதை எப்படிச் சொல்லுறது?”

ஆகவே வயிறு திடீரென்று உப்பி, வலித்து, மலமும் வாயுவும் அடியோடு நின்று, வாந்தியும் வந்தால், பேதி மருந்தும் கொடுக்காதீர்கள், இனிமாவும் கொடுக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நேரத்தோடு போனால் பெரும்பாலும் கத்தியில்லாமலே முறுக்கை எடுக்கலாம். ஆசனவாய் வழியாகக் குழாயைச் செலுத்தி வாயுவை வெளியேற்றும் இம்முறையை நார்வே நாட்டு மருத்துவர் புரூஸ்கார்ட் 1947இல் விளக்கி எழுதினார். இன்றும் அதுவே முதல் சிகிச்சை. ஆனால் குழாயால் பிரித்த முறுக்கு பலருக்குத் திரும்பவும் வருகிறது. அதனால் உடல் தேறியபின் அந்த வளைவை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னால், அதை வீண்செலவு என்று தள்ளிவிடாதீர்கள்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத மெலிவு, இரத்தச் சோகை, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தோன்றிய மலச்சிக்கல் ஆகியவற்றையும் குடல் நீளத்தின்மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. அவற்றுக்குக் கொலோனாஸ்கோப்பிச் சோதனை தேவைப்படலாம். நீண்ட குடலில் அந்தக் குழாய் சுருண்டுகொள்வதால் எனக்குச் சற்று நேரமானது. திருப்பிப் படுக்கவைத்து, ஒரு நர்ஸ் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். மயக்கம் கொடுப்பதால் வலி தெரியவில்லை. முந்தின நாள் குடிக்கச் சொல்லும் மருந்துத் தண்ணீர்தான் பெரிய தபசு. கருவி முழுவதும் போகாதவர்களுக்கு ஸ்கேன் மூலம் பார்க்கும் முறையும் இருக்கிறது.

கடைசியாக ஓர் அறிவிப்பு. விழா நிதியில் அலங்கார வளைவு கட்டாமல் மன்றத்தின் பின்புறம் இரண்டு கழிப்பறைகளை ஏன் கட்டினீர்கள் என்று என்னைக் கேட்டவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அதற்குத்தான் இவ்வளவு நேரம் பதில் சொன்னேன். இதுவரை அவற்றின் சாவி உபதேசியார் வீட்டில் இருந்தது. வயதான தாய்மார் பூசை நடுவில் போய் அதைக் கேட்கக் கூசினார்கள். நாளை காலைப் பூசையிலிருந்து பூட்டு இராது. ஒன்றில் நாற்காலிபோல் உட்காரும் இருக்கையும், காலடிக்கு ஒரு மனையும் போட்டிருக்கிறோம். வாளியில் தண்ணீர் நிரப்பிவைக்கும் பொறுப்பை இளைஞர் மன்றத்தார் ஏற்றிருக்கிறார்கள்.